சங்கு ஊதியபோது ஆறு பேர்

பக்தவச்சலத்துக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயங்களில் சந்தேகமே வந்ததில்லை. துறைமுகத்தில் தன்னைப்போல் கிரேன் ஓட்ட ஆள் கிடையாது என்பது ஒன்று. 1942ஆம் வருஷத்து லீக் கோப்பை ராயபுரத்துக்குச் சேர வேண்டியது என்பது இன்னொன்று.

முதலாவதை அவரைப் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். கப்பலின் அடிவயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி, கீழே நிற்கிறவனின் முண்டாசு அசையாமல் இறக்கி வைக்கிற கை அவருடையது. இரண்டாவதை ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆளை விடமாட்டார். டீக்கடையில் யாராவது தெரியாத்தனமாகப் பந்து என்று வாயெடுத்தால் போதும். நாற்பத்திரண்டில் யார் யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல், எந்தக் கோலுக்கு யார் பந்தைத் தள்ளிக் கொடுத்தது என்று ஆட்டம் ஆட்டமாகக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதற்குள் எதிரில் மாட்டிக்கொண்டவரின் டீ ஆறிப்போயிருக்கும்.

நடந்தது இதுதான். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ராயபுரம் அணியில் இடது ஓரத்தில் ஓடுகிறவர். வடசென்னையின் எட்டு அணிகள் பொங்கல் கழிந்து லீக் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளையும் இரண்டு முறை சந்திக்க வேண்டும். ஜெயித்தால் இரண்டு பாயிண்ட், சமமாக முடிந்தால் ஒன்று. ஏப்ரல் மாதம் ராயபுரம் பதினாறு பாயிண்டோடு எல்லோருக்கும் மேலே நின்றபோது, ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஆட்டம் பாதியில் நின்றது. ஓடினவர்கள் மெள்ளத் திரும்பி வந்தார்கள். கோப்பையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, அது யாருக்கும் இல்லாமலே போயிற்று.

1950இல் லீக் மறுபடி உயிர்பெற்றபோது புதுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் தேவப்பிரியம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கல்மண்டபத்துக்கு அருகில் கயிறு மொத்த வியாபாரம் செய்தவர். பந்தாட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு பொழுது போகவில்லை. செயலாளர் வேலைக்கு பக்தவச்சலம் தானாகவே முன்வந்தார். தன் காலத்தில் எந்த சீசனும் பாதியில் தொங்காது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னபடி ஏழு வருஷம் தொங்கவும் இல்லை.

அதற்கு அவர் துறைமுகத்திலிருந்தே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஷிஃப்டுச் சங்கு ஊதும்போது எந்தக் கோஷ்டி கொக்கிக்குக் கீழே நிற்கவில்லையோ, அந்தக் கோஷ்டியின் வேலை அடுத்த கோஷ்டிக்குப் போய்விடும். காரணமெல்லாம் கேட்பதில்லை. லீக்கிலும் அப்படியே வைத்தார். மாலை நான்கு மணிச் சங்கு ஊதும்போது பதினோரு பேரும் கோட்டுக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். அதுவரை கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்துகொண்டிருந்த அணிகள் மூன்றரைக்கே வந்து மூச்சு வாங்கின. பக்தவச்சலத்துக்கு அந்தச் சட்டத்தில் அசாத்தியப் பெருமை.

1957 மே மாதக் கடைசியில் கிழக்கேயிருந்து வந்த கப்பல்களில் ஃப்ளூ ஜுரம் வந்து இறங்கியது. முதலில் துறைமுகத்தில் நாலு பேர் படுத்தார்கள், பிறகு நாற்பது பேர். ஜூன் பிறந்தபோது தெருவுக்குத் தெரு இருமல். லீக்கின் முதல் சுற்று அதற்கு முன்பே முடிந்திருந்தது. திருவொற்றியூர் பன்னிரண்டு, ராயபுரம் பதினொன்று. அந்த வருஷம் ஜெயிக்கிற அணிக்கு நகர லீக்கின் கடைசிப் பிரிவில் இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்ததால் இரண்டாம் சுற்றில் ஆளாளுக்கு வெறி பிடித்துக் கிடந்தது. ராயபுரத்தின் கேப்டன் குணசேகரன், பக்தவச்சலத்தின் மனைவி சொக்கம்மாளுக்குத் தம்பி. நகர லீக்கில் ஆடினால் ரயில்வேக்காரன் கண்ணில் பட்டு வேலை கிடைக்கும் என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூன் இரண்டாவது ஞாயிறு, ராயபுரமும் திருவொற்றியூரும் மோத வேண்டிய நாள். திருவொற்றியூரிலிருந்து ஆறு பேர்தான் வந்தார்கள். கேப்டன் பக்ருதீன் கோல்கீப்பர், அவனும் அந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, அஞ்சு பேரு வூட்ல எய்ந்திரிக்க முடியாம கெடக்குறாங்க. ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்," என்றான்.

"ரூல் இன்னான்னு தெரியுமில்ல பாய்? ஒர்த்தனுக்கு வளைச்சா எல்லாருக்கும் வளைக்கணும்."

சங்கு ஊதியது. பக்தவச்சலம் கையை உயர்த்தி ராயபுரத்துக்கு இரண்டு பாயிண்ட் என்று அறிவித்தார். பக்ருதீன் சண்டைக்கு வரவில்லை. நடந்து போய்க் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்தான், கூட வந்தவர்கள் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் போனார்கள். அதற்கு முந்தைய வாரமும் வேறோர் அணி ஆள் சேராமல் ராயபுரத்துக்கு இரண்டு பாயிண்டை விட்டுக்கொடுத்திருந்தது. டீக்கடைப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதினார்கள்: ராயபுரம் பதினேழு, திருவொற்றியூர் பதினான்கு. மறுநாள் மைதானத்தில் மருந்துக் கொட்டகை போட்டுவிட்டார்கள். லீக் நின்றது.

அந்த வாரமே பக்தவச்சலமும் படுத்தார். பாயில் கிடந்தபடி காலைச் சங்கைக் கேட்டார். பழக்கத்தில் எழுந்து உட்காரப் பார்த்தார், தலை சுற்றிச் சரிந்தார். இருபது வருஷத்தில் சங்கு ஊதும்போது அவர் கிரேனில் இல்லாதது அதுதான் முதல் தடவை. தன் இடத்தில் இந்நேரம் எவனோ ஏறி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சொக்கம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "காய்ச்சல்ல கெடக்குற மன்சன் வேலைக்கி வர்லன்னு எவன்யா கேப்பான்? குட்ச்சிட்டுப் படு," என்றாள். அவருக்கு உடனே கம்பளி போர்த்திய பக்ருதீன் ஞாபகம் வந்தது.

பத்து நாள் கழித்துத் தள்ளாடிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். கிரேன் காலியாக அவருக்காக நின்றது. படுத்தவர்களின் இடத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். இந்த மாதம் சங்குக்கு வராதவன் சோம்பேறி இல்லை, வர முடியாதவன் என்று துறைமுகத்துக்கே புரிந்திருந்தது. அங்கிருந்து சட்டத்தைக் கடன் வாங்கிய செயலாளருக்குத்தான் புரியவில்லை. பக்தவச்சலம் கிரேனின் இரும்பு ஏணியில் ஏறும்போது இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவர். மதியச் சாப்பாட்டுக்கு இறங்குவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

ஜூலைக் கடைசிக்குள் ஜெயித்த அணியின் பெயரைச் சொல்லுங்கள் என்று நகர லீக்கிலிருந்து ஆள் வந்தது. மைதானத்தில் கொட்டகை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை எட்டு அணிக் கேப்டன்களும் தேவப்பிரியத்தின் கிடங்கில் கயிற்றுச் சுருள்கள் மேல் உட்கார்ந்தார்கள். டீக்கடைப் பலகையையும் தூக்கிவந்து சாத்தி வைத்திருந்தார்கள்.

குணசேகரன் முதலில் பேசினான். "இதுல பேசறதுக்கு இன்னா கீது மாமா? பலகையப் பாருங்க. மேல யாரு கீறானோ அவன்தான் ஜெயிச்சான்."

"ஓய், நான் சொல்லுதேன்," என்றார் தேவப்பிரியம். "இந்த வருஷத்தையே விட்டுருவோம். கோப்பையை அலமாரியிலேயே வெச்சுப் பூட்டிருதேன்."

பக்தவச்சலம் தலையை ஆட்டினார். அலமாரியில் பூட்டுவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பதினைந்து வருஷம் அதை அனுபவித்தவர். யாரோ, இரண்டு அணியும் ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாமே என்றார்கள். எல்லோரும் பக்ருதீனைப் பார்த்தார்கள். கிடங்கின் படியேறி வந்ததற்கே அவனுக்கு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.

"எய்ந்து நடக்கவே முடியாதவன ஓட வுட்டு ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா?" என்றார் பக்தவச்சலம். பிறகு எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "மொதல்ல என் தப்ப சொல்லிடறேன். காய்ச்சல்ல வராதவன வேலைக்கி வராதவன்னு நெனச்சி பாயிண்டக் குடுத்துட்டேன். அந்தப் பாயிண்டு எதுவும் நிக்காது."

"சரி, அத்த மட்டும் அழிச்சிட்டு மிச்சத்தக் கூட்டுங்க," என்றார் ஒரு கேப்டன்.

"அதுவும் சரிப்படாது. ரெண்டாஞ் சுத்துல ஒர்த்தன் கடைசில கீறவனோட ஆடிகிறான், ஒர்த்தன் மொதல்ல கீறவனோட ஆடிகிறான். ஒர்த்தன் அதிகம், ஒர்த்தன் கம்மி. இந்த எட்டுப் பேரும் எல்லாரையும் ஒரே ஒரு தபா பாத்தது மொத சுத்துலதான். அதுல எவனுக்கும் காய்ச்சல் இல்ல, எவனுக்கும் ஆள் கொறையல. அது முழுசா முடிஞ்ச வேல. ரெண்டாஞ் சுத்து அந்தரத்துல தொங்கற மூட்டை. தரையில எறங்காத மூட்டைய எறக்கினதா எந்தக் கப்பல்லயும் எய்தறதில்ல. மொத சுத்துல யாரு மேலயோ, அவன் ஜெயிச்சான்."

எல்லோருக்கும் முதல் சுற்று ஞாபகம் இருந்தது. திருவொற்றியூர் பன்னிரண்டு, ராயபுரம் பதினொன்று. சொன்னவரோ ராயபுரத்துக்காரர். குணசேகரனின் முகம் கறுத்துவிட்டது. அவனுக்குக் கிடைக்கவிருந்த வேலை போகிறது, இது பக்தவச்சலத்துக்கும் தெரியும், இன்று வீட்டில் அடுப்பெரியுமா என்பதே சந்தேகம் என்றும் தெரியும்.

"நல்லா கீது நாயம்," என்றான் குணசேகரன். "பதினஞ்சு வர்சமா நாப்பத்திரண்டு கப்பு எங்குளுது எங்குளுதுன்னு எங்க காதையெல்லாம் ஓட்டை போட்டீங்களே. இதே மாதிரி பாதியில நின்ன லீக்குதானே அது. உங்க ரூலப் போட்டு இப்ப சொல்லுங்க. அது யார்து?"

இந்தக் கேள்வியைப் பக்தவச்சலம் கிரேனில் உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்து ஆட்டம் ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் இருந்தது. விரலை மடக்க ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத சுத்து. நம்ப ஏழுல அஞ்சு ஜெயிச்சோம். ஒண்ணு சமம். ஒண்ணு தோத்தோம். பதினொண்ணு." மறு கையின் விரல்களை மடக்கினார். "புளியந்தோப்பு ஏழுல ஆறு ஜெயிச்சான். ஒண்ணு சமம். பதிமூணு."

மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினாறு பாயிண்டு என்று இத்தனை காலம் மார்தட்டினாரே, அதில் ராயபுரம் மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடியதும், புளியந்தோப்பு கூடுதலாக ஆடியது ஒன்றே ஒன்றுதான் என்பதும் அவருக்குத் தெரியாததா? தெரியும். டீக்கடையில் அதைச் சொல்லியும் இருக்கிறார். சொன்னாரே தவிர ஒருநாளும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"அவங்குளுது," என்றார். "நாப்பத்திரண்டு புளியந்தோப்புக்காரன்து. ஐம்பத்தேழு ஒத்தியூர்க்காரன்து."

குணசேகரன் எழுந்து போய், பானைத் தண்ணீரில் துணியை நனைத்து, பலகையில் இருந்த பதினேழைத் தானே துடைத்தான். துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். பக்ருதீன் கோப்பையை வாங்கிக் கயிற்றுச் சுருள் மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். தேவப்பிரியம் மட்டும், பந்தாட்டம் என்றால் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்.

அடுத்த ஞாயிறு பக்தவச்சலம் சட்டையைச் சலவை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு புளியந்தோப்புக்குப் பஸ் ஏறினார். எங்கே என்று சொக்கம்மாள் கேட்டதற்குப் பாக்கி ஒன்று இருக்கிறது என்றார். நாற்பத்திரண்டில் புளியந்தோப்புக்குக் கேப்டனாக இருந்த மாரியப்பன் மில் வேலைக்காரர். தலை நரைத்து, வாசலில் குந்தி சைக்கிள் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பக்தவச்சலம் உட்காரவில்லை. "மாரியப்பா, நாப்பத்திரண்டு கப்பு உங்குளுது. மொத சுத்துல நீங்க பதிமூணு, நாங்க பதினொண்ணு."

"தெரியும்பா," என்றார் மாரியப்பன், சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெரியுமா? அப்புறம் இத்தினி வர்சம் ஏன் கேக்கல?"

"உங்கிட்ட யாரு வாயக் குடுக்கறது? டீ ஆறிப்பூடும்."

மாரியப்பனின் மனைவி பட்டம்மாள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். மாரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு பொங்கல் முடிந்த மறுவாரம் நடந்த முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தார். யார் யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல், எந்தக் கோலுக்கு யார் பந்தைத் தள்ளிக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். பக்தவச்சலம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது ஆட்டம் முடிந்து டம்ளரை எடுத்தபோது அவருடைய டீ ஆறிப்போயிருந்தது.