மக்காச்சோளத்தில் ஓடிய கார்

காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு கன்னடக் கொடியை ஒட்டிவிட்டால் கர்நாடகத்தின் எந்த மூலைக்கும் போய் எலும்பு முறியாமல் திரும்பலாம் என்று நம்பியிருந்தேன். பெங்களூரின் மர்பி டவுனில் வளர்ந்த தமிழனுக்கு அது தடுப்பூசி மாதிரி. காவிரித் தகராறு கிளம்பினால் எங்கள் தெருவில் ஆட்டோ, ஸ்கூட்டர், இஸ்திரி வண்டி எல்லாம் ஒரே நாளில் அந்தக் கொடியின் சிவப்பு மஞ்சளுக்கு மாறிவிடும்.

தசரா விடுமுறையில் மனைவியோடு பெலகாவியைத் தாண்டி மகாராஷ்டிர எல்லைப் பக்கம் போனபோதுதான் உறைத்தது, அங்கே கன்னடக்காரருக்கும் மராத்திக்காரருக்கும் எல்லைத் தகராறு என்று. டீக்கடைப் பலகை மராத்தி. டீ கொடுத்தவர் கொடியையே முறைப்பதாகப் பட்டது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பாதி டீயோடு கிளம்பிவிட்டேன். இந்தக் கொடிக்காகவே உதை விழும் என்று தோன்றியது.

கொஞ்ச தூரத்தில் காரின் அடியில் படபடவென்று சத்தம்.

"கல்லு வுடறாங்க! குனிஞ்சுக்கோ!"

"யாரு வுடறாங்க? மெதுவா போங்க, ரோட்டுல என்னமோ கொட்டிக் கெடக்கு."

மெதுவாகவா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சத்தம் இரட்டிப்பானது. பின்னால் ஒரு அம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு கத்தினார். இரண்டு பைக்குகள் துரத்தின. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் கொடியைச் சுரண்டல்.

"ஒட்டறப்ப என்னா வீராப்பு!" என்றாள் மனைவி.

பைக்குகள் குறுக்கே நின்றன. ஒருவன் கதவைக் குத்தினான்.

"கண்ணு காணங்கில்லேனு நினகா?"

கண் தெரியலையா என்று கேட்கிறான், சுத்தமான கன்னடத்தில். என் கையிலோ கிழிந்த கன்னடக் கொடி. மராத்திக்காரருக்குப் பயந்து கிழித்ததற்குக் கன்னடக்காரரிடம் உதை. கொடியை அடியில் தள்ளி அதன்மேலேயே உட்கார்ந்தேன். "அண்ணா, கொடி தானாவே கிழிஞ்சிடுச்சு" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் உளறினேன்.

எந்தக் கொடி என்றான். பம்பர் இடுக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டினான்.

"மக்காச்சோளம்ங்க. காயப் போட்டிருக்காங்க. அது மேலயே ஏத்திட்டீங்க," என்றாள் மனைவி.

ஒரு வீட்டின் மொத்த அறுவடை, தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் நான் வேகமாகக் காரை ஓட்டினேன். அந்த அம்மாவின் துடைப்பத்தாலேயே வெயிலில் இரண்டு மணி நேரம் கூட்டி அள்ளிக் கொடுத்தேன். அவர் கடைசிவரை சிரிக்கவில்லை.