கண்ணாடி மட்டும் போன மெஷின்

என் தம்பிக்குத் தெருவில் 'டில்ட்' என்று பெயர். இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் பின்பால் மெஷினைப் பிடித்து ஆட்டினால் அந்தப் பெயரில் ஒரு விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுபோகும். இவனும் யாராவது சீண்டினால் வாயை மூடிக்கொள்வான். ரயிலடிக்கு எதிரே இருந்த விளையாட்டு ஹாலில் அவன்தான் மெக்கானிக். ஹாலை மூடியபோது, உடைக்கப் போட்ட மெஷின்களில் ஒன்றை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

கம்ப்யூட்டர் எல்லாம் வருவதற்கு முந்தியது அது. உள்ளே வயரும் கம்பி சுற்றிய காயிலும் சுவிட்சும்தான். இரும்புக் குண்டு முட்டினால் மணி அடிக்கும், எண் உருளைகள் கடகடவென்று சுற்றும். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் சைக்கிள் பந்தயம் விடும் பெண்களின் படம். செய்த கம்பெனி சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டதால் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது.

வீட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று. கட்டிலைச் சுவரோடு சாய்த்துவிட்டு அங்கே அதை நிறுத்தினான். தம்பி பெண்டாட்டி சமையற்கட்டில் படுத்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். "அது வெளியே போனா சொல்லி அனுப்புங்க அண்ணி, நான் உள்ளே வரேன்" என்றாள் என்னிடம். அவள்மேல் தப்பே கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, இதை இப்படியே எழுது, மாற்றாதே.

அம்மா திரும்பி வரட்டும் என்று மகள்தான் மெஷினைப் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினாள். இந்த மாதிரி மெஷின்களைச் சேகரிக்கிற ஒருவர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த மாடல்ல ஊர் உலகத்துல மிச்சம் இருக்கிறதே ரொம்பக் கொஞ்சம் சார். யாரும் கை வைக்காததா இருந்தா கண்ணை மூடிட்டு எடுத்துக்குவேன்."

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. மேல் பலகையைத் தூக்கி நிறுத்தினான். "கை வைக்காமலா? இந்தக் காயில் நான் சுத்தினது. இந்த ரப்பர் சைக்கிள் டியூப்ல நான் வெட்டினது. பலகையில பெயிண்ட் உரிஞ்சு கிடந்துச்சு, முழுக்க நான்தான் அடிச்சேன். பழசு எது, என்னுது எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

நான் அவன் முதுகில் கிள்ளினேன்.

"சும்மா இரு அக்கா, அவருக்குத் தெரிய வேணாமா?"

அவன் சொல்லச் சொல்ல வந்தவர் முகம் இறங்கிக்கொண்டே போனது. "இதுல பாதி நீங்கதான் சார் இருக்கீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான், பாவி.

"அந்தக் கண்ணாடியைத் தொட்டீங்களா?"

"இல்லையே. உள்பக்கம் பூசின வண்ணம், துடைச்சா உதிர்ந்துடும்."

"அப்போ அது மட்டும் போதும்."

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "முழுசா சும்மாவே எடுத்துட்டுப் போங்க. எனக்கு அறை காலியாகணும்."

"என் வீட்லயும் அறை காலியா இல்லை சார்."

தம்பிக்கு 'டில்ட்' விளக்கு எரிந்துவிட்டது. திருகாணியைக் கழற்றி, கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, தானே வேனில் ஏற்றினான். மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போடு என்றேன். "ஓடுற மெஷினை எப்படிக்கா போடுறது?" என்றான்.

மெஷின் போய்விட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, மறு வாரம் அவன் பெண்டாட்டி துணிப்பையோடு வந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முகத்தைக் குடுத்துட்டு முண்டத்தை வச்சிருக்கீங்களா?"

"இன்னும் நல்லா ஓடுது, பாரேன்" என்று சுவிட்சைப் போட்டான். வெறும் பல்புகள் எரிந்தன. குனிந்து குண்டைத் தட்டிவிட்டான், மணி அடித்தது. ஒரு ஆட்டம் முடிந்து அவன் நிமிர்வதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.