‘சொந்த வீடு’ என்று எழுதியவள்

எங்கள் பிள்ளைகளின் வேனை நிறுத்தியது நீங்கள்தான். கல்வி அலுவலகத்தில் இரண்டாவது மாடியில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பள்ளியை ஒரு தடவைகூட வந்து பார்க்காமல், ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து நிறுத்தினீர்கள்.

அந்தக் காகிதத்தை எழுதியவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன். என் தப்பை மறைத்துவிட்டு உங்கள் தப்பைச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் ஆழ்வார்பேட்டையில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். அடையாற்றின் கரையில் பிறந்தேன், அங்கேயே கல்யாணம் ஆனது, மகளும் அங்கேதான் பிறந்தாள். அவள் ஏழாவது படிக்கும்போது வீட்டை இடித்தார்கள். ஊருக்கு வெளியே, பழைய மகாபலிபுரம் சாலையும் தாண்டி, எட்டு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். வீட்டைக் கொடுத்தார்கள், பக்கத்தில் வேலையைக் கொடுக்கவில்லை. அங்கே இருந்த பள்ளியில் ஏற்கெனவே ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். அதனால் நான் பழைய வேலைக்கே வந்தேன், மகள் அடையாறில் பழைய பள்ளிக்கே வந்தாள். எங்கள் கட்டடங்களிலிருந்து அவளைப் போல ஒரு வேன் கொள்ளும் அளவுக்குப் பிள்ளைகள்.

இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டத்தைப் பார்த்தால் பஸ்ஸை ஸ்டாப்பிங் தாண்டி நிறுத்துவார்கள், பையோடு ஓட வேண்டும். தினமும் லேட். தினமும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் அப்படித்தான் வைத்திருந்தார். அவர் மாறிப் போய், அசோக் நகரிலிருந்து வரும் ஓர் அம்மா தலைமை ஆசிரியராக வந்தார். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, சத்தமே வராத குரல். இவர் எங்கே சமாளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எச்.எம். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

வந்த மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒருநாள் சாயங்காலம் என் மகள் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள்.

“மா, இன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா? காலைல நம்ம ஸ்டாண்டுல எச்.எம். மிஸ் நின்னுகினு கீறாங்கோ!”

“நம்ம ஸ்டாண்டுலயா? இங்க இன்னாத்துக்கு வந்தாங்கோ?”

“எங்கள புடிக்கத்தான் வந்துட்டாங்கோன்னு நெனச்சு நான் தூண் பின்னால ஒளிஞ்சுகினேன். கடைசில பாத்தா எங்ககூடவே பஸ்ல ஏறிட்டாங்கோ.”

விடியற்காலையிலேயே அசோக் நகரில் கிளம்பி, எங்கள் கட்டடம் வரைக்கும் வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று திரும்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் செருப்பு வார் அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பள்ளிக்குள் நுழைந்தபோது மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. நேரே ஆபீசுக்குப் போய், வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ‘தாமதம்’ என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் யாரும் கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. வேலை செய்யும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அந்த அம்மாவை எனக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கினார்கள். பிள்ளை படிக்கிற ஒரு தாய்தான் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. வாய் பெரிது என்பதால் மற்ற தாய்மார்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், வசதியில்லாத பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி என்று கடிதம் வந்தது. எச்.எம். மிஸ் தாய்மார்களை எல்லாம் கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்துக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினார்.

ஆசிரியர் ஒருவர், பெரிய டீவி ஒன்று வாங்கி மாட்டலாம், படம் போட்டுப் பாடம் நடத்தலாம் என்றார்.

“வாங்கலாம் சார்,” என்றார் மிஸ். “ஆனா அதைப் பாக்கப் பிள்ளைங்க வந்து சேரணுமே.”

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி, மீன் விற்கிறவள். “டீவி எங்கூட்லயே கீது மிஸ். அதுல ஒரு எழவும் தெரியல. நீங்க வேன் வுடுங்கோ.”

ஹாலே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

வேன் என்ற சொல்லே அந்தத் திட்டத்தின் விதிகளில் இல்லை என்று உங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பியது. மறுபடி எழுதினார். மறுபடி திரும்பியது. மூன்றாவது தடவை, பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எந்த ஸ்டாப்பிங்கில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்தப் பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் நுழைகிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேன் வந்தது.

வேனுடன் சாயங்கால வகுப்பும் வந்தது. கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் கணக்கு சொல்லிக்கொடுக்க வருவாள். அதற்கு முன்னால் எல்லோருக்கும் சுண்டல். இதிலும் மிஸ் ஒரு காரியம் செய்தார். வசதியில்லாதவர் பட்டியலில் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் சுண்டல் என்று பெயர் படிக்கவில்லை. வரிசையில் நிற்கிற எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. வேன் மேல் திட்டத்தின் போஸ்டரை ஒட்டச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தபோது, “ஆபீஸ் சுவத்துல ஒட்டுங்க, பிள்ளைங்க ஏறுற வண்டில வேணாம்” என்று அனுப்பிவிட்டார். இதை எல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேன் ஓட்டுகிறவர் எங்கள் பக்கத்துக் கட்டடம். காலையில் என் மகள் ஏறும்போது தினமும் ஒரு வம்பு.

“இன்னா மேடம், இன்னிக்குக் கணக்கு டெஸ்ட்டா? மூஞ்சி பஞ்சர் ஆன மாரி கீது.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா. பஞ்சர் ஆயிடப் போவுது.”

ஒன்பதாவதில் முதல் பரீட்சையில் கணக்கில் பெயிலானவள், முழுப் பரீட்சையில் பாஸ் ஆனாள். பெரிய மார்க் எல்லாம் இல்லை. பாஸ். அந்தத் தாளை நான் வேலை செய்யும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். சமையல் மேடை ஈரத்தில் ஓரம் நனைந்துவிட்டது. இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது என் தப்பு.

வருஷக் கடைசியில் உங்கள் அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் எழுத வேண்டும். மிஸ் ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார். குழுத் தலைவி, கையெழுத்தும் பரவாயில்லை என்பதால் படிவங்களை நான் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாய்மார்கள் சுற்றி நின்றார்கள்.

ஆற்றங்கரையில் இருந்தவரை எந்தப் படிவத்திலும் எங்கள் வீட்டுக்கு ஒரே பெயர்தான்: ஆட்சேபகரமான புறம்போக்கு. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அந்தப் பார்வை. இப்போது படிவம் கேட்கிறது, வீடு சொந்தமா, வாடகையா?

“சொந்தம்னு எழுதுக்கா,” என்றாள் மீன்காரி. “பெருசா எழுது.”

கூரை ஓலையா, ஷீட்டா, கான்கிரீட்டா? கான்கிரீட். தனிச் சமையலறை? உண்டு. கழிப்பறை? உள்ளேயே உண்டு. என்ன வேலை? “வூட்டு வேலைன்னு எழுதாதக்கா. தனியார்னு போடு.” போட்டேன்.

“லிஃப்ட்டு கீதுன்னு எழுதுக்கா.”

“அதுக்குக் கட்டம் இல்லடி.”

“ஓரமா எழுதேன். இன்னா போவுது?”

“அது ஓடுதா?”

“ஓடலன்னா இன்னா? கீதா இல்லியா?”

எல்லோரும் சிரித்தோம். ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் ‘லிஃப்ட் உண்டு’ என்று எழுதினேன். எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வீடு எங்கள் பெயரில் இன்னும் பதிவாகவில்லை, கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். மிஸ் திரும்பி வந்து, நான் எழுதியதுதானே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மகள் பத்தாவது போனாள். பாதி வருஷத்தில் கடிதம் வந்தது. வசதியில்லாத பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் எங்கள் பள்ளி பட்டியலில் இல்லை. வேன் நின்றது.

நான் மிஸ் அறைக்குப் போய் நின்றேன். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உக்காருங்கம்மா,” என்றார். “எப்படிப்பட்ட வீடுன்னு கேட்டாங்க, சொன்னீங்க. எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கேக்கவே இல்லையே. வாங்க, போய்க் கேப்போம்.”

உங்களிடம் வந்தோம். நினைவிருக்கிறதா? அரை நாள் வராந்தாவில் நின்றோம். உள்ளே போனதும் ஒரு படிவத்தை எடுத்து எங்கள் முன்னாலேயே படித்தீர்கள்.

“சொந்த வீடு, மாடி வீடு, லிஃப்ட் வேற. ஏம்மா, எனக்கே லிஃப்ட் இல்ல. உங்க பிள்ளைங்க எப்படிம்மா வசதியில்லாதவங்க?”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிஸ், “கையெழுத்து என்னுது சார். சரிபார்க்காதது என் தப்பு. என்மேல நடவடிக்கை எடுங்க. பிள்ளைங்க வேன நிறுத்தாதீங்க” என்றார். அந்தச் சத்தமில்லாத குரலில்தான் சொன்னார். சிரித்தவர் நிறுத்திவிட்டார்.

திருத்திய படிவம் கொடுத்தோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றீர்கள். ஒருநாள் எங்களோடு பஸ்ஸில் வந்து பாருங்கள் என்று மிஸ் கேட்டார். வருகிறேன் என்றீர்கள். வரவில்லை.

அடுத்த வருஷம் என் மகளுக்குப் பத்தாவது இல்லை. பொதுத்தேர்வு இந்த வருஷம். கொட்டிவாக்கம் பெண் சம்பளம் இல்லாமல் இன்னும் வருகிறாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். மிஸ் வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து பிள்ளைகளோடு பஸ் ஏறுகிறார். அவர் நின்றால் பஸ் சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் ஒரு மனுஷி வேன் ஆக முடியுமா? மீன்காரியின் மகள் உட்பட இரண்டு பெண்கள் படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள். போன வாரம் என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “மா, கீழ துணிக்கடைல ஆள் கேக்கறாங்கோ. நான் போவட்டா?”

அவள் தட்டில் சாதம் போட்டேன். இதற்குப் பதிலை நான் ஏன் சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். குழுத் தலைவி என்ற முறையில் உங்களை அழைக்கிறேன். கடிதம் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். ஹாலில் மைக் இருக்கிறது. என் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் வசதியான வீட்டுப் பிள்ளை என்று அவள் முகத்தைப் பார்த்து மைக்கில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், வேன் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள். எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.