கிளாக்கரம்மா கொடுத்த பழைய வினாத்தாள்

ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியர் கலாசாலை நுழைவுப் பரீட்சையில் என்னைப் பயமுறுத்தியது ஆங்கில வாசிப்புப் பகுதி ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு பந்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். பாஸானால் டீச்சர். இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக் கூடை. பதினெட்டு வயசாகியும் என் பேரைப் பதியவிடாமல் அப்பா கங்காணியிடம் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கிளாக்கரின் மனைவி ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்தனுப்பினார். விடைகளைப் பென்சிலால் எழுதியும் இருந்தார். அவருடைய மகள் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. அதே பரீட்சைக்குத்தான் அவளும் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம், வீட்டுக்கு வரட்டும் என்றும் சொல்லிவிட்டிருந்தார். பின்வாசலைத் தாண்டி நாங்கள் போயறியாத வீடு அது. எனக்குச் சுருக்கென்றது. சொந்த மகளோடு போட்டிக்கு நிற்கிறவளுக்கு எந்தத் தாய் விடை எழுதிக் கொடுப்பாள்?

தாளை வரிவரியாகத் துருவினேன். முதல் பந்தியிலேயே அகப்பட்டுவிட்டது. ஒரு பணக்காரர், மழையில் நனைந்த தன் வண்டிக்காரனுக்குக் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறார். ஏன் கொடுத்தார்? இரக்கப்பட்டு என்று கிளாக்கரம்மா எழுதியிருந்தார். அப்பாவிடம் கதையைச் சொல்லிக் கேட்டேன்.

"சும்மா யாரு குடுப்பா? அவனுக்குக் காச்சல் வந்துட்டா நாளைக்கு வண்டிய யாரு ஓட்டுறது?" என்றார் அப்பா.

"கிழிஞ்ச கோட்டா இருக்கும்," என்றார் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தை.

லயத்தில் ஒருவர்கூட இரக்கம் என்று சொல்லவில்லை. ஆக, என்னைக் கவிழ்க்கத்தான் பார்க்கிறார் என்பது உறுதியாயிற்று. அவர் எழுதியிருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, என் விடைகளை எழுதிப் பழகினேன். அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

பரீட்சையில் வேறு பந்தி வந்தது. ஒரு பெண் தன் வாசலில் தண்ணீர்ப் பானை வைக்கிறாள். போகிறவர்கள் வருகிறவர்கள் குடிக்கிறார்கள். எதற்காக வைத்தாள்? யார் யார் எங்கே போகிறார்கள் என்று வேவு பார்க்க என்று, ஆங்கிலத்தில் ஒரு பிழையுமில்லாமல் எழுதிவிட்டு வந்தேன்.

கிளாக்கர் மகள் பாஸ். நான் இல்லை.

கலாசாலைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அவள் எங்கள் லயத்துக்கே வந்தாள். முகம் வாடியிருந்தது. அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. கேட்டேவிட்டேன்.

"உங்கம்மா எனக்கு ஏங்க அந்தத் தாளக் குடுத்தாங்க?"

"என்னையத் தனியா அனுப்ப அம்மாவுக்குப் பயம். நீயும் பாஸானாத்தானே எனக்குத் தொணை? ஒன் பேருக்கும் சேத்துத்தான் கோயில்ல அர்ச்சனை பண்ணுனாங்க. இப்ப அழுதுகிட்டே பெட்டி அடுக்குறாங்க."

கிளாக்கரம்மாவுக்கு ஒரு சுயநலம் இருக்கும் என்று நான் நினைத்தது சரிதான். நான் பாஸாக வேண்டும் என்பதுதான் அந்தச் சுயநலம். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.