விசிலுக்கு அசையாத ஐந்து பேர்

மே மாதத்திலும் ஜவ்வாது மலையின் தொட்டித் தண்ணீர் முழங்கையில் பட்டால் சுரீர் என்றிருக்கும்... தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுவதற்குள் பல் தந்தியடித்துவிடும்.

எட்டாவது முடித்த லீவு அது. வாணியம்பாடியிலிருந்து சம்மர் கேம்ப்புக்குப் போயிருந்தேன். சாயந்திரம் ஆனால் வாலிபால், குளியல், சுண்டல்...

பிறகு சூரியன் இறங்கும்போது ஒரு நீள விசில். எல்லா குரூப்பும் வரிசையில் நிற்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் குரூப்புக்குப் பத்து பாயிண்ட் போச்சு. கடைசி இடம் வரும் குரூப்புக்கு அருவிக்குப் போகும் ஜீப்பில் இடம் கிடையாது.

அந்த விசில் சரியாக என் மக்ரிப் தொழுகை நேரத்தில்தான் ஊதும்.

கேம்ப் சாரிடம் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சப்புறம் தொழுதுக்கலாம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். எல்லாம் முடிய இருட்டிவிடும், மக்ரிப் நேரமும் போய்விடும். விசிலைக் கொஞ்சம் தள்ளி ஊதினால் என்ன குறைந்துவிடும்? அன்று விசில் ஊதியதும் தொட்டியருகே போய்த் தொழுதேன்.

பத்து பாயிண்ட் போனது. மறுநாளும் போனது.

எங்கள் குரூப்பில் ஐந்து பேர். அதில் சந்தவாசல் கவிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒன்னாலதான் நாங்க அருவி பாக்க முடியாம போவுது" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

குரூப் லீடர் மல்லிகா, நெல்லிவாசல் பக்கத்து மலைக்காரப் பெண். மறுநாள் நேராக சாரிடம் போய் நின்றாள்.

"சார், ஒருத்தி வரலன்னா இன்னா கழிப்பீங்க?"

"பத்து."

"அஞ்சு பேரும் வரலன்னா?"

"அதுக்கும் பத்துதான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள்: "எப்டியும் பத்து போவப் போவுது. அவ மட்டும் எதுக்குடி தனியா கெடக்கணும்? எல்லாரும் தொட்டிகிட்ட போய் குந்திக்கலாம்."

அன்றிலிருந்து விசில் ஊதினால் ஊதட்டும் என்று இருந்தோம். நான் தொழுவேன். மற்றவர்கள் பாறையில் உட்கார்ந்து புளியம்பழம் சப்பிக்கொண்டிருப்பார்கள். முதலில் முணுமுணுத்த கவிதாதான், காற்றில் விரிப்பு பறக்காமல் ஓரத்தில் கல் வைப்பாள். முடிந்ததும் ஐந்து பேரும் ஓடாமல், நடந்தே வரிசைக்குப் போவோம். சார் முகம் கடுகடுவென்றிருக்கும்.

கடைசி இடம் எங்களுக்குத்தான். ஜீப்புகள் அருவிக்குக் கிளம்பிப் போயின.

"இப்ப வருத்தமா இருக்கா?" என்றார் சார்.

"இன்னா சார் வருத்தம்... அருவி எங்க போய்டப் போவுது" என்றாள் மல்லிகா. கவிதாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மல்லிகா சொன்னதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த அருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. துளிகூட வருத்தமில்லை.

இப்போது சென்னையில் ஆபீஸ். ரிவ்யூ மீட்டிங்கும் பாதி நாள் அதே மக்ரிப் நேரத்தில்தான் வந்து நிற்கிறது. மேனேஜர் வாட்சைப் பார்ப்பார். அப்ரைசலில் கைவைத்தால் வைக்கட்டும் என்று எழுந்துவிடுவேன். கெஞ்சலும் இல்லை, சாரியும் இல்லை.

கதவருகே மட்டும் ஒரு நொடி கால் நிற்கும்... அத்தனை பேரில் ஒருத்தியாவது "இரு, நானும் வர்றேன்" என்று எழுந்து வரமாட்டாளா என்று.

இதுவரை யாரும் எழுந்ததில்லை. நானும் ஒரு நாள்கூடத் திரும்பிப் போய் உட்கார்ந்ததில்லை.