மேலே பார்த்த சென்டர்

எங்கள் மைதானத்துக்கு இடது வலது கிடையாது. மேல் பக்கம், கீழ் பக்கம், அவ்வளவுதான். மேல் பக்கம் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதற்கு மேலே தேயிலை. கீழ் பக்கம் கந்தப்பளைக்குப் போகிற ரோடு. நடுவில் பந்தை வைத்தால் தானாகவே ரோட்டைப் பார்த்து உருளும். மேல் பக்கத்தில் நிற்கிற ஆட்டக்காரனுக்குப் பந்தைக் கொடு என்று சொல்ல ‘மேல பாரு’ என்று கத்துவோம். ஆட்டத்தை ரோட்டுப் பக்கம் கொண்டுவா என்றால் ‘கீழ வா’. வெளித்தோட்டத்து அணிகள் இதைக் கேட்டுச் சிரிக்கும். சிரித்துவிட்டுத் தோற்றுப் போகும்.

அந்த மண்மேட்டுக்கு அடியில் ஒரு சிமெந்து பெஞ்சு இருந்தது. நான் கட்டியது. ஒன்பது பேர் உட்காரலாம். முதுகு சாய்கிற இடத்தில் என் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. பெஞ்சு மைதானத்துக்குள் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காக மேட்டின் அடியை நாலடி உள்ளே வெட்டினேன். ஆள் வைத்து அல்ல, நானே மண்வெட்டி பிடித்தேன். இந்தக் கதையில் ஒரு தப்பு இருக்கிறது என்றால் அது அந்த நாலடிதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நுவரெலியா மார்க்கெட்டில் லீக்ஸ் மூட்டை தூக்கினேன். இன்றைக்குக் கந்தப்பளையில் ஹார்ட்வெயார் கடை, மேலே இரண்டு மாடி. மூன்று கட்டடத்துக்கு மலையை வெட்டி அத்திவாரம் போட்டவன் நான். படித்த எஞ்சினியர்கள் தலையைச் சொறிந்த இடத்தில் காலால் மிதித்துப் பார்த்தே மண் எப்படிப்பட்டது என்று சொல்லியிருக்கிறேன். தோட்டத்து அணிக்கு ஜேர்சி, பந்து, கோல் வலை எல்லாம் என் கடையிலிருந்துதான் போகும். அணியில் யார் ஆடுவது என்ற முடிவும் என்னைத் தாண்டிப் போகாது.

போன வருடம் எங்கள் பழைய சென்டர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். சென்டர் என்றால் நடுவில் நிற்கிறவன். எல்லாப் பந்தும் அவன் காலுக்கு வந்துதான் பிரிந்து போகும். அவன் இடத்துக்கு ஒரு புதியவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மஸ்கெலியாப் பக்கம் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, ஒரு லயம் முழுவதும் போனதே, அங்கே தப்பித்தவர்களில் ஒருவன். பெண்சாதியின் அப்பா வீடு எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்ததால் இங்கே வந்து ஒண்டிக்கொண்டான். பழைய தோட்டத்தில் அவன் காலைப் பற்றிப் பெரிய பேச்சு. நானே போய்க் கேட்டுக் கூட்டிவந்தேன்.

கிண்ணப் போட்டிக்கு முன்னால் ஆடிய மூன்று சிநேக ஆட்டத்தில் மூன்றும் தோல்வி. பந்து காலுக்கு வரும். அழகாக நிறுத்துவான். அடுத்த நொடி தலையைத் தூக்கி மேல் பக்கம் பார்ப்பான். அந்த ஒரு நொடியில் எதிராளி பந்தைக் கொண்டுபோய்விடுவான். வெயில் நாளில் இது குறைவு. மழை பிடித்தால் கூடும். அந்த மாதங்களில் மழை விட்ட நாள் அபூர்வம்.

பெஞ்சில் நான் நடுவில். என் வலப்பக்கம் புடவைக்கடை நானா, இடப்பக்கம் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. மற்றவர்கள் மிச்ச இடத்தில். மூன்றாவது தோல்விக்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை.

“கண்ணுல கோளாறு மொதலாளி,” என்றார் கணக்கப்பிள்ளை. “நான் முப்பது வருசம் காலப் பெரட்டுல தொழிலாளிங்கள நிக்க வச்சு ஆள் எண்ணிப் பாத்தவன். தலைய இப்புடித் தூக்குறவனுக்குத் தூரப் பார்வை இல்ல.”

“கண்ணு இல்ல, பயம்,” என்றார் நானா. “அவன் யாரப் பாக்குறான்னு பாருங்க. நேரா நம்ம பெஞ்ச. பெஞ்சுலயும் நேரா உங்கள.”

“என்னையா?”

“வேற யார? நானும் மூணு ஆட்டமாப் பாக்குறேன். பந்து வந்தா மொதலாளி மூஞ்சியப் பாக்குறான். நீங்க என்னா நெனக்கிறீங்கன்னு பாத்துட்டுத்தான் எத்துறான். நீங்க கொஞ்சம் கீழ் பக்கம் போய் ஒக்காந்தா பயல் சரியாயிருவான்.”

“நான் கட்டுன பெஞ்ச விட்டுட்டு ரோட்டுல போய் நிக்கச் சொல்றியா?”

“ஒரு ஆட்டத்துக்குத்தானே.”

“ஒரு ஆட்டத்துக்கும் இல்ல.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து ஒருத்தனுக்குப் பந்து நழுவுகிறது என்றால் அது சும்மா வருகிற மரியாதையா? அடுத்த ஆட்டத்தில் அவன் தலை தூக்கியபோதெல்லாம் நான் லேசாகக் கையை உயர்த்திக் காட்டினேன், பயப்படாதே என்று. அவன் என் கையைக் கண்டதாகவே தெரியவில்லை. அவன் பார்வை என் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, பையனுக்கு நேராகப் பார்க்கவும் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் பெஞ்சுக்குப் பின்னால், நான் வெட்டிய இடத்தில், ஈரம் கசிந்தது. என் பெயரின் கடைசி எழுத்து உப்பிக்கொண்டு உதிர்ந்தது. பெயின்ட் சரியில்லை என்று நினைத்தேன். என் கடைப் பெயின்ட்தான்.

கிண்ணப் போட்டியின் அரை இறுதி ஆட்டம் ஹட்டன் பக்கத்து அணியோடு. காலையிலிருந்து தூறல். மேடு காற்றை மறைக்கும் என்பதால் பெண்களும் பிள்ளைகளும்கூட பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கியிருந்தார்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தோலை நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தார்கள். முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புது சென்டர் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“மேல பாருங்க!”

மேல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் பந்து தனக்குத்தான் வருகிறது என்று கையைத் தூக்கினான். பந்து வரவில்லை. அது சென்டரின் காலடியிலேயே கிடந்தது.

“மேல பாருங்க!”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. மேல் பக்கத்துக்காரன் பத்தொன்பது வயதுப் பயல். அவனைப் போய் யாராவது ‘பாருங்க’ என்பார்களா?

“மஸ்கெலியாவுல பந்தும் மரியாதையாத்தான் வெளாடுவாங்க போல,” என்றார் கணக்கப்பிள்ளை.

“அடுத்தது கோலிகிட்டக் கேப்பான், ஐயா உள்ள வரலாமான்னு,” என்றார் நானா.

நானும் சிரித்தேன். யார் யாரை ‘வா’ என்பது, யார் யாரை ‘வாங்க’ என்பது, இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. மூட்டை தூக்கிய காலத்தில் என்னை ‘வாடா’ என்றவர்கள் ‘வாங்க முதலாளி’ என்று சொல்லும்வரை உழைத்தவன். அவன் வாயிலிருந்து வந்த ‘ங்க’ ஆட்டக்காரனுக்கு இல்லை, உட்கார்ந்திருந்த எங்களுக்கு என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அவன் பந்தை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஓடிவந்தான். எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போனான். தப்புச் சத்தம் நின்றது.

“எந்திரிங்க மொதலாளி,” என்று என் கையைப் பிடித்தான். “எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க.”

அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்து இழுத்தவன் அவன் ஒருத்தன்தான். “போய் ஆட்டத்தப் பாருடா,” என்றேன். அவன் பின்னால் கோல் விழுந்தது. ஆட்டோ ஓட்டுகிற எங்கள் கேப்டன் வந்து அவனை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கேப்டன் ஒரு கோல் போட்டான், பெனால்டியில் தப்பித்தோம், அது வேறு கதை.

ஆட்டம் முடிந்ததும் அவனைக் கடைக்கு வரச் சொன்னேன். கேப்டனும் இருந்தான்.

“இறுதி ஆட்டத்துல நீ இல்ல,” என்றேன்.

“சரிங்க.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“மேட்டுல தண்ணி வர்ற எடம் மாறிருச்சு மொதலாளி. முந்தி மேல கான் வாய்க்கால்ல ஓடுன தண்ணி இப்ப பெஞ்சுக்குப் பின்னால வருது. எங்க லயத்துலயும் இப்புடித்தான் மாறுச்சு. நாங்க தண்ணி பக்கத்துல வந்துருச்சுன்னு சந்தோசப்பட்டோம்.”

“மண்ணப் பத்தி எனக்குச் சொல்லித் தரப் போறியா?”

அவன் கையில் கொண்டுவந்திருந்த ஜேர்சியை மேசையில் வைத்தான். துவைத்து மடித்திருந்தான். கீழ் விளிம்பில் நூல் பிரிந்து நீளத்தில் இரண்டு விரல் அகலம் குறைந்திருந்தது. என் ஜேர்சியைக் கிழித்தும் விட்டான் என்று கேப்டனிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பெயின்ட் வாளியோடு மைதானத்துக்குப் போனேன், உதிர்ந்த எழுத்தை எழுத. பெஞ்சின் மேல் என் முட்டியளவு மண் கிடந்தது. யாரோ மேலேயிருந்து மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள், பிடித்து நாலு கேள்வி கேட்போம் என்று குறுக்குப் பாதையில் ஏறினேன்.

தேயிலைக்குள் இரண்டாவது வரிசையில் கவ்வாத்து வெட்டிய குச்சிகள் நட்டிருந்தன. ஜோடி ஜோடியாக, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு நூல் கட்டி. மஞ்சள் நூல். எங்கள் ஜேர்சி மஞ்சள். முதல் ஜோடியில் நூல் விறைப்பாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஜோடியில் நூல் அறுந்து இரண்டு குச்சியிலும் தொங்கியது. குச்சிகளுக்கு நடுவில் நிலம் பிளந்திருந்தது. கையை விட்டேன். முழங்கை வரை போனது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அந்த வெடிப்பு வளைந்து போய் இரண்டு முனையும் எங்கே இறங்குகிறது என்று பார்த்தேன். ஒரு முனை என் பெஞ்சின் இந்தக் கோடி, மற்ற முனை அந்தக் கோடி. யாரோ அளந்து வெட்டினது மாதிரி. அளந்து வெட்டினது நான்தான்.

கீழே இறங்கிவந்து சம்மட்டி எடுத்துப்போய் பெஞ்சை உடைத்தேன். எழுபதை எட்டுகிற வயதில் தனியாக உடைத்தேன். என் பெயர் இருந்த பகுதிதான் கடைசியாக விழுந்தது. நல்ல கலவை, அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. தோட்டத்து அலுவலகத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், வந்து பார்ப்பார்கள் என்றார்கள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

“சென்டர் பயலோட நோய் மொதலாளிக்கும் தொத்திருச்சு,” என்றார் நானா. “அந்த மேடு எங்க வாப்பா காலத்துலருந்து நிக்குது.”

இறுதி ஆட்டத்தன்று மழை கனத்தது. நான் ரோட்டுப் பக்கம் குடை பிடித்து நின்றேன். எதிரில் பார்த்தால் உடைந்த சிமெந்துத் துண்டுகளின் மேல் உரச் சாக்கை விரித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நானா நடுவில், என் இடத்தில். பிள்ளைகள் மேட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு. புது சென்டர் என் பக்கத்தில் வந்து நின்றான். ஆட்டத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஒரு தேயிலைச் செடி மெல்லத் தலை குனிந்தது. காற்று இல்லை.

“மேல பாரு! மேல பாரு!” என்று கத்தினேன்.

எங்கள் ஆட்டக்காரன் பந்தை மேல் பக்கம் எத்தினான். மேட்டடியில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“அப்புடிச் சொல்லாதீங்க மொதலாளி,” என்றான் அவன். “பாருன்னா பந்துக்குன்னு நெனப்பாங்க. நானும் சொல்லிப் பாத்தேன். கீழ வாங்கன்னு கூப்புடுங்க. நீங்க கூப்புட்டா வருவாங்க.”

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தரையும் நான் அதுவரை ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. கணக்கப்பிள்ளையை ‘வாய்யா’ என்பேன். நானாவை ‘வா’. மற்றவர்கள் எல்லாம் ‘டா’. குடையைக் கீழே போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஏறிப் போனேன்.

“கீழ வாங்க,” என்றேன். “ஐயா வாங்க. நானா வாங்க. அம்மா, பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எல்லாரும் கீழ வாங்க.”

கைகளைக் கும்பிட்டுக்கொண்டு கேட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. தப்பு நின்றது. ஆட்டமும் நின்றது. முதலில் கணக்கப்பிள்ளை எழுந்தார், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து. அவர் பின்னால் பெண்கள். பிள்ளைகளைக் கேப்டனும் புது சென்டரும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிவந்தார்கள். நானா கடைசியாக வந்தார், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காச்ச இல்லியே,” என்றார். பிறகு, “கொடைய அங்கனயே வச்சிட்டேன்,” என்று திரும்பினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மூட்டை தூக்கிய கை, பிடித்தால் விடாது. அவர் இழுத்தார். “விடுங்க மொதலாளி, புதுக் கொட.”

அப்போது மண் வந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஒரு லொரி மண் கொட்டுகிற அளவு, மெதுவாக, சாக்கின் மேலும் சிமெந்தின் மேலும் வந்து உட்கார்ந்தது. குடையின் பிடி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

நானாவின் கையை நான் இன்னும் பிடித்திருந்தேன், அவர் இழுப்பதை நிறுத்திவிட்டிருந்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். வந்தது கொஞ்சம் மண்தான். வெடிப்புக்கு உட்பட்ட மேடு முழுவதும் அப்படியே மேலே நின்றது, தேயிலையோடு. வெயில் சாய்கிற நாளில் ரோடு வரைக்கும் அதன் நிழல் விழும். அது எப்போது வரும், எதுவரை வரும் என்று எனக்குத் தெரியாது. மண்ணைப் பற்றித் தெரியாது என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

புது சென்டர் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி இரண்டு அணிக்காரர்களும், தப்படிக்கிறவர்களும், பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்களும் அதே இடத்தைப் பார்த்தபடி, ரோட்டைத் தாண்டி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார்கள்.