திட்டு வாங்கிக்கொண்டவர்

மகளின் வலிப்பு மாத்திரைக்கு அடங்காததால், சோற்றை நிறுத்தி நெய்யையும் எண்ணெயையும் கூட்டும் கீட்டோ உணவைத் தொடங்கச் சொன்னார் டாக்டர். வெளிமாநிலத்தில் நாங்கள் வசிக்கும் பாணேர் பகுதி ஆஸ்பத்திரியில் அதை விளக்கிய டயட்டீஷியன் ஒரு கோயம்புத்தூர்க்கார அம்மா. பேச்சின் நடுவே கண்ணாடியைக் கழற்றி, கருவளையம் விழுந்த கண்களை அழுத்திக்கொள்வார்.

“வீட்டுல யாருங்க சீக்கிரம் மனசு எளகறவங்க?” என்று கேட்டார்.

மனைவி என்னைக் காட்டினாள்.

“அப்ப நீங்களே ஊட்டுங்க, இல்லீன்னா மனசு கேக்காம ஒளிச்சு சோறு குடுத்துருவீங்க. பாப்பா சோறு கேட்டு அழுதா, நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லுங்க. எல்லா வீட்டுலயும் என்னையத்தானுங்க திட்டறாங்க.”

இப்போது வலிப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் மகள் தினமும் சோறு கேட்டு அழுகிறாள். களைத்துப்போன அந்த டயட்டீஷியன் அம்மாவை நானும் மகளும் சேர்ந்து திட்டுகிறோம். திட்டி முடித்ததும், நெய்யில் வதக்கிய பனீருக்கு வாயைத் திறக்கிறாள்.